அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மாவு உருண்டை

பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் தின்னும் ஒரு பலகாரத்தால் என் மானம் கச்சிராயபாளையத்துத் தெருவில் பட்டப்பகலில் கிடந்தது. சும்மா கிடக்கவும் இல்லை. கத்திரி வெயிலில், அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று பார்க்க, மெதுவாக உப்பிக்கொண்டே இருந்தது.

நான் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் செய்பவன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷட்டர் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் என் கடையில்தான் இறக்கி வைப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள்.

பதினைந்து வருடம் குடித்தவன் நான். இதை மறைத்து எழுதினால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகுதான் விட்டேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் இருந்தார். கள்ளக்குறிச்சிக்குச் சாமான் வாங்கப் போனால் இருவரும் சேர்ந்துதான் குடிப்போம். அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக் கிரைண்டர் ஒன்றின் மோட்டார் எரிந்துபோய், அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் நான் போகவில்லை. அவர் போனார். எனக்கும் அவருக்கும் வித்தியாசம் அந்த மோட்டார்தான். அவர் காரியத்துக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து நான் தொடவில்லை.

விட்டுப் பதினொரு மாதம். என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. பக்கத்து வீட்டில் பையன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் கூட 'பரவாயில்லயே' என்று சொல்லுகிறவள், புருஷன் குடியை விட்டதற்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். இவளுக்குத் தெரியவே இல்லையா, தெரிந்தும் மனசு வரவில்லையா என்று சாயங்காலங்களில் நினைத்து நினைத்து மாய்வேன். குடிக்காதவனுக்குச் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பது குடித்தவனுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு நேரத்தில்தான் அந்த மெஷின் ரிப்பேருக்கு வந்தது. உளுந்தூர்பேட்டை பைபாஸில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர், காரில் போகிறவர்களுக்கு வாஃபிள் என்ற அந்த பெல்ஜியம் பலகாரத்தைச் சுட்டு விற்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு கனத்த இரும்புத் தட்டுகள், புத்தகம் மாதிரி மூடித் திறக்கும், உள்ளே வரிசையாகச் சதுரக் குழிகள். தட்டைச் சூடாக்கும் காயில் எரிந்துபோயிருந்தது. மாற்றிவிட்டுப் போன் செய்தேன்.

"நீயே வச்சிக்கப்பா. நாலு பேரு கூட அத துன்னல. அத பாத்தாலே வயிறு எரியுது" என்றார்.

ரிப்பேர் செய்த எதையும் ஓட்டிப் பார்க்காமல் ஓரம் வைப்பது எனக்கு ஆகாது. வீட்டிலிருந்து தோசைமாவை ஒரு டிபன் பாக்ஸில் கொண்டுபோய்க் கடையிலேயே ஊற்றி மூடினேன். நாலு பக்கமும் வழிந்து புகைந்தது. திறந்தால் மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி. ஒரு மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். ஒரு மெஷின் என்னைத் தோற்கடிப்பதா என்று அன்றைக்கே ரோஷம் வந்துவிட்டது.

போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் ஒரு பெண் தமிழில் விளக்கமாகச் சொன்னாள். வாஃபிளில் இரண்டு வகையாம். ஒன்று கரைத்து ஊற்றுவது. இன்னொன்று மைதாவைப் பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, கடைசியில் கல் கல்லாகச் சர்க்கரைக் கட்டிகளைச் சேர்த்து உருண்டையாக வைத்துச் சுடுவது. உள்ளே இருக்கும் சர்க்கரை உருகி வெளியே வந்து, தட்டில் பட்டுப் பொன்னிறத்தில் மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் ஒன்றைக் கடித்தபோது எழுந்த சத்தம் போனை மூடிய பிறகும் என் காதில் இருந்தது. என் மனைவிக்குச் சுட்டுக்கொடுப்போம், அப்போதாவது வாய் திறந்து ஏதாவது சொல்லுகிறாளா பார்ப்போம் என்று முடிவு செய்தேன். வெளிப்படையாகச் சொல்லப்போனால், எனக்கு வேண்டியிருந்தது பாராட்டுத்தான். வாஃபிள் ஒரு சாக்கு.

அந்தச் சர்க்கரைக் கட்டி ஆன்லைனில்தான் கிடைக்குமாம், வெளிநாட்டிலிருந்து வருமாம். கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. எங்களைச் சுற்றி இருப்பது முழுக்கக் கரும்பு. சீசனில் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி ஒதுங்கியே என் வண்டியின் இடது பக்கம் தேய்ந்துவிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சர்க்கரையைக் கப்பலில் வரவழைப்பதா? கால் கிலோ கற்கண்டு வாங்கி, துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி வைத்துக்கொண்டேன்.

ஈஸ்ட் மட்டும் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு மளிகைக் கடையில் கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஈஸ்ட்டா? உனக்கு இன்னாத்துக்குப்பா?"

"பன்னு மாதிரி ஒண்ணு சுடணும்."

"நீயா? பன்னா?" என்றவர், எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாத்துப்பா. காலம் சரியில்ல" என்றார்.

சாராயம் காய்ச்ச வெல்லத்தைக் கரைத்துப் புளிக்க வைப்பதை எங்கள் பக்கத்தில் ஊறல் என்பார்கள். அவர் அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறார் என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கிப்போய்ச் சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். பஸ் ஏர்வாய்ப்பட்டினத்தைத் தாண்டும்வரை கோபம் ஆறவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் கடையைத் திறக்காமல் வேலையில் இறங்கினேன். பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்கி ஈஸ்ட்டைப் போட வேண்டும், அது விழித்துக்கொள்ளக் கொஞ்சம் இனிப்பும் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சர்க்கரை டப்பா காலி. ஒரு அச்சு வெல்லம் இருந்தது. அதைத் தட்டிப் போட்டேன். ஈஸ்ட் ஒரு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன்? கைக்குக் கிடைத்தது குழம்புக் கரண்டி. பத்து நிமிடத்தில் பாத்திரத்துக்குள் நுரை பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மைதா, முட்டை, உப்பு, ஏலக்காய்ப்பொடி எல்லாம் போட்டுப் பிசைந்தேன். வெண்ணெயைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மாவு முதலில் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கால் மணி நேரம் அடித்துப் பிசைந்த பிறகு வழவழவென்று உருண்டு வந்தது. அவள் வருவதற்குள் நன்றாக உப்பியிருக்கும், அவள் கைகால் கழுவுவதற்குள் சுட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றி, அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

வெயில் தாங்காமல் அன்றைக்கு வேலையைப் பதினொரு மணிக்கே முடித்து அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணா, சீக்கிரம் வூட்டுக்கு வாங்க. அண்ணி ஒரே சத்தமா போட்டுகினு கீறாங்க."

கேஸ் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வண்டியை உதைத்தால் கிளம்பவில்லை. ஓடினேன். தெருமுனையில் திரும்பியதும் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே மண்ணில் என் தூக்கு நசுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் மாவு. தேங்காய் அளவுக்கு வைத்த மாவு பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. புளித்த வெல்ல வாசம் நாலு வீட்டுக்கு அடித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் குனிந்து, ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெல்ல வாட அடிக்குதேப்பா. ஊறலா?"

"யாராச்சும் போலீசுக்குப் போன போட்டுடப் போறாங்க. எட்த்து உள்ள போடுங்க மொதல்ல" என்றது பின்னால் ஒரு குரல்.

மாவின் மேலே ஒரு குமிழ் எழுந்து, புஸ்ஸென்று உடைந்தது. எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

என் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கை முழங்கை வரை மாவு. தூக்கைத் தெருவில் வீசியது அவள்தான்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"இன்னாமே நடக்குது?"

"வூட்டுக்குள்ளயே ஊறல் போட்டு வெச்சிகினு, இன்னா நடக்குதுன்னு என்னையே கேக்கறியா? கடையில வாங்கிக் குடிச்சது பத்தல, இப்ப காய்ச்சவே ஆரம்பிச்சிட்டியா? அத்தினி பேரு செத்தாங்களே, கண்ணால பாத்துட்டுதானே வந்த?"

"அது மாவுமே! மைதா மாவு! பலகாரம்!"

"மூடுயா வாய!"

பதினைந்து வருடக் குடியில் அவள் என்னை எத்தனையோ பேசியிருக்கிறாள். ஆனால் தெருவில் வைத்துப் பேசியதில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். மெஷின், கற்கண்டு, மீதி வெண்ணெய், முட்டை ஓடு, ஈஸ்ட் பாக்கெட் எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் பரப்பினேன். போனில் அந்த வீடியோவைப் போட்டு ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நீட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தார்.

"அட, ஆமாம்பா. துன்ற பண்டந்தான். ஜன்னல் கம்பி மாதிரி கட்டம் கட்டமா வருது."

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சுட்டால் எங்களுக்கும் ஒன்று கொடு என்று சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள். நான் ஜெயித்துவிட்டேன். இவள் இப்போது என்ன சொல்லப்போகிறாள் பார்ப்போம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை.

"சரி, மாவுதான். அத ஏன் அங்க வெச்ச?"

"எங்க?"

"அரிசி டிரம்முக்குப் பின்னால."

பின்னறையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கிறது. பதினைந்து வருடமும் நான் பாட்டிலை ஒளித்து வைத்த இடம் அது. எத்தனை முறை அவள் அங்கிருந்து எடுத்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள், எத்தனை முறை நான் மறுபடி அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் அவள் கண்ணில் படாத இடம் என்று யோசித்தேனே, அப்போது சத்தியமாக எனக்கு அந்த ஞாபகமே இல்லை. கை தானாகப் போயிருக்கிறது. வைத்த விதமும் அதேதான், மேலே பழைய துண்டைச் சுற்றி. என் கையை நானே பார்த்தேன். எனக்கு என்னைக் கண்டே பயமாக இருந்தது.

"அங்க ஃப்ரிட்ஜ் சூடு படும், மாவு சீக்கிரம் எழும்பும்னு..." என்று இழுத்தேன். பொய். அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தது.

"கதவத் தெறந்ததும் வாட அடிச்சிது. அடுப்பங்கரைக்குக் கூடப் போகல. நேரா அங்கதான் போனேன்" என்றாள். அதுவரை இருந்த குரல் இல்லை அது. "தெனமும் வேலவுட்டு வந்ததும் அங்க கைவுட்டுப் பாத்துட்டுதான் சோறு வடிப்பேன். பதினோரு மாசமா."

"பதினோரு மாசமா?"

"அது மட்டுமா? தெனமும் நீ தூங்கனதும் உன் வாய மோந்து பாக்கறேன். நீ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ. எட்டிக் குனிஞ்சி பாக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பே வுட்டுப் போவுது."

வாசலில் பரப்பிய சாமான்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். திருடனைப் போலவா என்னைச் சோதித்தாய், ஒரு நாள்கூடவா நம்பவில்லை என்று கத்தினேன். நான் ஒழுங்காக இருந்த முந்நூற்றுச் சொச்சம் நாளும், தூங்கும் என் முகத்துக்கு மேலே இவள் குனிந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப நான் குடிக்கலன்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு நாளாச்சும் ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொல்லிட்டா போயிடும்னு பயம்" என்றாள். "முன்ன ஒருவாட்டி மூணு மாசம் வுட்டியே, ஞாபகம் கீதா? எங்க அம்மாகிட்ட போன்ல பெருமையா சொன்னேன், எம் புருசன் வுட்டுட்டாருன்னு. அன்னிக்கே குடிச்சிட்டு வந்து நின்ன."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இவள் அதை எத்தனை வருடமாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்! இவள் பாராட்டவில்லையே என்று நான் முறைத்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும், இவள் வாய் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்து வெளியே போனேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினால் எது கிடைக்கும் என்று என் காலுக்குத் தெரியும். கையைப் போலவே இதுவும் தானாகப் போய்விடுமோ என்று நடுவெயிலில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். பிறகு மளிகைக் கடைக்குப் போய் மைதாவும் முட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவள் தெருவில் கிடந்த மாவை அள்ளிப்போட்டு, இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பையைப் பார்த்தாள். பையை வாங்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

இரண்டாவது மாவை இருவரும் சேர்ந்து பிசைந்தோம். ஈஸ்ட்டைச் சின்ன ஸ்பூனால் அவளே அளந்தாள். என் கற்கண்டைப் பார்த்துவிட்டு, "இத போட்டா இருக்கிற பல்லும் போயிடும்" என்று ஒதுக்கினாள். அவள் அப்பா வீட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சியவர்கள். வாணலியில் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்து, சின்னத் தீயில் விடாமல் புரட்டினாள். சர்க்கரை ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, மொச்சைக் கொட்டை அளவுக்குக் கட்டி கட்டியாகத் திரண்டது. உருகிவிடும் என்று நான் பதறிய நேரத்தில் சரியாக இறக்கித் தட்டில் ஆறவிட்டாள். வீடியோவில் காட்டியது அதேதான். அதைக் கப்பலில் வரவழைக்கச் சொல்கிறார்கள்.

மாவுப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் முன்னறையில் டிவி ஸ்டாண்டு மேலே, ஜன்னலுக்கு நேராக, தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். பெரியவர் இரண்டு முறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எழும்பிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் தாழ்வதற்குள் உப்பிவிட்டது. சர்க்கரைக் கட்டிகளைச் சேர்த்து மடித்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டி, மெஷின் சூடானதும் ஒன்றை நடுவில் வைத்து மூடினேன். நாலு நிமிடம். திறந்தபோது தட்டில் ஒட்டாமல், கட்டம் கட்டமாக, பழுப்பும் பொன்னுமாகப் பளபளத்தது. ஆறவிட்டு அவள் கடித்தாள். அந்தச் சத்தம் வந்தது. ஓரத்தில் பாகு அப்பளம் போல உடைந்தது, உள்ளே பஞ்சு.

என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்று முழுங்கிவிட்டு, "கொஞ்சம் உப்பு கம்மி" என்றாள். இன்னொன்று கேட்டாள்.

அவள் இரண்டாவதைத் தின்று முடித்த பிறகு சொன்னேன். "தூங்கும்போது வேணாம்மே. நான் முழிச்சிகினு இருக்கும்போதே மோந்து பாரு. நானே காட்டறேன்."

வாயைத் திறந்து அவள் முன்னால் நின்றேன். ஐம்பது வயது ஆள். அவள் வெட்கப்பட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து மோந்து பார்த்தாள்.

"ஏலக்கா" என்றாள்.

"இனிமே தெனமும் கடைய மூடிட்டு வந்ததும் இப்படியே வந்து நிக்கறேன். போதுமா? தூங்கும்போது பாக்கறத வுட்டுடுவியா?"

அவள் தட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"இதுவும் பாப்பேன். அதுவும் பாப்பேன்" என்றாள்.

எனக்கு வலித்தது. வலித்தது என்றே எழுதுகிறேன். ஆனால் அவளிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. பதினைந்து வருடக் குடிக்கு எதிரே பதினொரு மாதம் எம்மாத்திரம்?

இப்போது வாரத்துக்கு ஒருமுறை வாஃபிள் சுடுகிறோம். மாவு டிவி ஸ்டாண்டு மேலேதான் புளிக்கிறது. இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டேன். அவள் எட்டிக் குனிய வேண்டாம் என்று அவள் பக்கமே திரும்பிப் படுக்கிறேன்.